மல்லாட்டைக் கொல்லையில் காஸ்லைட்

விட்டில் பூச்சி விளக்கைத் தேடி வருவது சாவதற்குத்தான் என்று முப்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். வேறு தொழில் செய்கிறவன் இப்படி நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் செஞ்சி கடைத்தெருவில் காஸ்லைட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். மண்ணெண்ணெய் ஊற்றி, மேண்டில் கட்டி, பம்ப் அடித்தால் புஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளை வெளேரென்று எரியுமே, அந்த விளக்கு. அறுபதுகளில் செஞ்சிக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கல்யாண ஊர்வலமோ, தெருக்கூத்தோ, தேர்தல் கூட்டமோ, சாவோ, எதுவானாலும் என் விளக்குதான் போகும். திரும்பி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே கருகிக் கிடக்கும் பூச்சிகளைத் தட்டிக் கொட்டுவேன். இத்தனை வருஷம் கொட்டியவனுக்குப் பூச்சியைப் பற்றித் தெரியாதா என்று எனக்கே ஒரு மிதப்பு. கண்ணாடிக்குள் கிடப்பது செத்தவை மட்டும்தான். சாகாதவை எங்கே போயின, போய் என்ன செய்தன என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. துடைக்கும்போது எனக்குப் பாட்டு வரும், வேடிக்கைப் பேச்சு வரும். யோசனை மட்டும் வராது.

என் கடை பெஞ்சில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு எடுக்க வந்தவர்கள் அல்ல, என் வாய்ப்பேச்சைக் கேட்க வந்தவர்கள். அவர்களைச் சிரிக்க வைப்பதுதான் நான் ஒழுங்காகச் செய்த வேலை.

எனக்கு ஒரே அக்கா. தொண்டூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரரை மாமா என்பேன். வாயில்லாத மனுஷன். அவருக்கு ஒரு அண்ணன். அந்த அண்ணன் வைத்ததுதான் வீட்டில் சட்டம். அரிசிப் பானை இருக்கும் அறையின் சாவி அவர் அரைஞாணில் தொங்கும். காலையில் அவர் அளந்து போட்டதைத்தான் அக்கா ஆக்கவேண்டும், எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சினதைத்தான் அவள் தின்னவேண்டும். கல்யாணமாகி வெகுநாள் கழித்து அக்கா வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. கம்பு இடித்துக்கொண்டிருந்தபோது ரத்தப்போக்கு கண்டது. வண்டி பூட்டச் சொல்லி மாமா அண்ணனைக் கேட்டார். "ஏர் ஓட்டிட்டு மாடு திரும்பட்டும்" என்றார் அவர். மாடு சாயந்திரம்தான் திரும்பியது. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்காவை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

அதற்குப் பிறகுதான் மாமா பங்கு கேட்டார். வாழ்நாளிலேயே அவர் தனக்கென்று அண்ணனிடம் கேட்ட ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மானாவாரி நிலத்தை, எங்கள் பேச்சில் கொல்லையை, சரிபாதியாகப் பிரித்து, நடுவில் ஒரு வரப்பைப் போட்டார்கள். மாமாவுக்கு ஒரு ஜோடி மாடும் வண்டியும் கொல்லை ஓரத்தில் ஒரு கூரைக் கொட்டாயும் கிடைத்தன. அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு வெள்ளாம பாக்கறேன். நின்னுட்டான்னா அவன் பாடு. நிக்க முடிலன்னா, பொண்டாட்டிய இட்டுகினு வந்து பழையபடி என் ஊட்ல இருக்கணும். அப்பால பங்கு கிங்குன்னு வாயத் தொறக்கக்கூடாது."

மாமா தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்காவும் தலையாட்டினாளாம். அந்தச் சமையல்கட்டுக்கு இனி திரும்புவதில்லை என்றால், அந்த ஒரு வெள்ளாமை, அந்த ஒரு மல்லாட்டை, வீட்டுக்கு வந்தாகவேண்டும். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும்.

ஆனி மழையில் மல்லாட்டை விதைத்தார்கள், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அக்கா தானே களை வெட்டினாள். செடி நன்றாக வந்தது. இலைகளெல்லாம் அகலமாக, பச்சையாக, தரையை மூடத் தயாராக நின்றன.

அந்தச் சமயத்தில் கிராம சேவக் ஒருவர் ஏதோ கூட்டத்துக்கு விளக்குக் கேட்டுக் கடைக்கு வந்தார். விவசாயிகளுக்கு யோசனை சொல்ல சர்க்கார் அனுப்பிய இளவட்டம். சட்டைப் பையில் இரண்டு பேனா. என் விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது கம்பளிப்பூச்சிக்கு நல்ல ஆயுதம் தெரியுமா? போன வருஷம் கம்பளிப்பூச்சியெல்லாம் மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டிப் படுத்திருக்கு. பெரிய மழை பெஞ்சா மறுநாள் சாயந்திரம் அந்துப்பூச்சியா வெளிய வரும். விளக்கு வெச்சு, கீழ மண்ணெண்ணெய் கலந்த தண்ணி வெச்சா வந்து விழும்."

"அவ்ளோதானா சார்? இத நான் தெனமும் செஞ்சிகினுதான் கீறேன்" என்றேன்.

"இல்லப்பா. ஊரே சேந்து ஒரே நாள்ல வெக்கணும். காலையில போய் இலைக்கு அடியில இருக்கற முட்டையைப் பொறுக்கி நசுக்கணும். அது இல்லாம விளக்கு மட்டும்..."

"ஊரு சேந்து என்னிக்கு சார் எதுனா செஞ்சிருக்குது? தேரு வடத்தப் புடிக்கவே நாலு தெருவுக்கு நடுவுல மண்ட ஒடையுது. அந்துப்பூச்சி வந்தா எந்தத் தெருப் பூச்சின்னு கேப்பானுங்க."

பெஞ்சே சிரித்தது. கிராம சேவக்கும் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்துவிட்டால் அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறாது. அவர் பாதியில் விட்ட வாக்கியம் பாதியிலேயே போனது.

அந்த வாரமே மழை கொட்டியது. கோட்டை மலைகள் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழை. மறுநாள் மதியம் உப்பும் புளியும் வாங்க மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கடையில் இருந்த அத்தனை விளக்கையும் வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றினேன். பக்கத்தில் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவரிடம் கல்யாணப் பந்திக்குப் போகும் அகலமான தாம்பாளங்களையும் கேட்டு வாங்கினேன்.

"இன்னாத்துக்குடா இத்தினி?" என்றார் மாமா.

"உன் கொல்லையில இன்னிக்குக் கல்யாணம் மாமா."

"அண்ணன் எதுனா சொல்லுவாரு."

"சொல்லட்டும். அவரையும் பந்தியில ஒக்கார வெக்கலாம்."

பாவம், அவர் மாடுகளை ஓட்டினார். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல் நிற மயிலை. வயசானவை. ஆனாலும் மாமா குச்சியைத் தொடவே மாட்டார், நாக்கைச் சொடுக்கினால் போதும், நடக்கும்.

அன்று சாயந்திரம் அக்கா இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கொட்டாய்க்கு வெளியே மூன்று கல்லை வைத்துக் கூட்டி, தன் அடுப்பில், தன் அரிசியில் ஆக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் போட்டாள், பிறகு மாமாவுக்கு, பிறகு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கே புதுசாக இருந்ததோ என்னவோ, தட்டை மடியில் வைப்பதா தரையில் வைப்பதா என்று தடுமாறினாள்.

பொழுது சாய்ந்தது. ஊர்வலத்துக்கு நட்டு வைப்பது மாதிரி கொல்லைக்குள் கம்புகளை நட்டு விளக்குகளை உயரத்தில் தொங்கவிட்டு, கீழே தாம்பாளங்களில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் ஊற்றி வைத்தேன். உயரத்தில் கட்டினால் தூரத்துக்குத் தெரியும் என்பது என் தொழில் ஞானம். தூரத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அந்த ஞானத்தில் இல்லை.

முதலில் தரையில்தான் அசைவு தெரிந்தது. ஈர மண் அங்கங்கே சின்னதாக வெடிக்கும். உள்ளிருந்து நனைந்த துணியைச் சுருட்டிய மாதிரி ஒன்று ஏறி வரும். பக்கத்துப் புல்லைப் பிடித்துத் தொங்கும். சற்று நேரத்தில் அந்தச் சுருட்டல் விரிந்து இறக்கையாகும். வெள்ளை இறக்கை, அதில் பழுப்புக் கீறல், முன்பக்க ஓரத்தில் மஞ்சள் கோடு. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தது போலவே இருந்தது. எங்கள் மண்ணிலிருந்து கொஞ்சம் வந்தன. பிறகு வரப்பு தாண்டி வந்தன. பிறகு ஏரிக்கரைப் பக்கமிருந்தும், கண்ணுக்குத் தெரியாத கொல்லைகளிலிருந்தும் இருட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. விளக்கைச் சுற்றிப் பனி பெய்வது மாதிரி இருந்தது. பனி பெய்து நான் பார்த்ததில்லை, நாலு பேர் சொல்லக் கேட்டதுதான்.

தாம்பாளத்தில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மாமா கரண்டியால் அள்ளி அள்ளிக் குழியில் கொட்டினார். அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு.

செடிகளின் மேலும் நிறைய உட்கார்ந்திருந்தன. நான் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் மிதந்தவை பெரும்பாலும் வயிறு ஒட்டியவை. செடிமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தவை வயிறு பருத்தவை, பறக்கவே சோம்பல்படுகிற மாதிரி. கண் பார்த்துவிட்டது. மூளைக்கு மட்டும் சேதி போகவில்லை, நேராக வாய்க்குப் போய்விட்டது.

"அக்கா, மாப்பிள்ளைங்கல்லாம் அண்டாவுல வுழுந்துட்டானுங்க. பொண்ணுங்க மட்டும் பந்தியில ஒக்காந்துகினு எழுந்துக்கவே மாட்டேங்குது பாரு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாமாவின் அண்ணன் வரப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏண்டா, செஞ்சி ஊர்க்காரா. எங்க கொல்லப் பூச்சியெல்லாம் உங்க ஊட்டுக் கல்யாணத்துக்குத்தான் வந்துகினு இருக்குது. எங்க பக்கம் ஒண்ணக் காணோம்."

"பாக்கு வெத்தல வெச்சிதாங்க அழச்சோம்" என்றேன்.

"நல்லா அழச்சிக்கோ. நல்லா அழச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் தோற்றுப்போனதாக நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

பூச்சி வந்த சாயந்திரமெல்லாம் இதே திருவிழாதான். காலையில் குழி நிறையச் செத்த பூச்சி. அந்துப்பூச்சி செடியைக் கடித்ததாகவும் தெரியவில்லை. அது எங்களுக்கு இன்னும் தைரியம். கடைசி நாள் ஊருக்குத் திரும்ப நான் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு இலையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது இன்னாடா, கசகசா கொட்ன மாதிரி?"

இலைக்கு அடியில் மஞ்சளாக, நெருக்கமாக, அடுக்கினது போல் ஒட்டியிருந்தது. பக்கத்து இலையிலும் அப்படியே. மண்கட்டியில்கூட இருந்தது.

"கல்யாணத்துக்கு வந்ததுங்க மொய் எழுதிட்டுப் போயிருக்குதுங்க அக்கா."

அதற்கும் சிரித்தாள். அந்த இலையை அப்படியே விட்டுவிட்டு, என்னை வண்டி ஏற்றிவிட வந்தாள்.

செஞ்சிக்கு வந்து பெஞ்சில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிக்கொண்டிருந்தேன். கதை நன்றாக வந்திருந்தது. அப்போது ஒரு நாள் மாமா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எலயெல்லாம் சல்லட மாதிரி ஆயிடுச்சிடா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எள்ளு அளவுப் புழுக்கள் இலைக்கு அடியில் ஒன்றாகக் கூடி, பச்சையை மட்டும் சுரண்டித் தின்றிருந்தன. வெயிலில் பிடித்துப் பார்த்தால் இலை நரம்பும் காகிதமுமாகத் தெரிந்தது. அப்போதே ஊரைக் கூட்டிப் பொறுக்கியிருந்தால் ஏதாவது நடந்திருக்கலாம். யார் வருவார்கள்? அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் எந்தப் பக்கம் நிற்பது என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும்தான் பொறுக்கினோம். பொறுக்கப் பொறுக்க அவை வளர்ந்தன. கூட்டமாக இருந்தவை பிரிந்து செடிக்குச் செடி ஏறின. தோல் உரிக்க உரிக்க மயிர் நீண்டது. செம்பட்டை மயிர், இடையிடையே கறுப்பு வளையம். அந்த மயிர் கையில் குத்தினால் தடிக்கும். அக்கா வேர்வையைத் துடைக்கிறேன் என்று கண்ணைத் தேய்த்துவிட்டாள். இமை இரண்டும் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பொறுக்கினாள்.

எருக்கங்கிளையையும் காட்டாமணக்குக் கிளையையும் வெட்டி வரிசையாகப் போட்டோம். புழுக்கள் அதில் ஏறும், அப்படியே தூக்கி நெருப்பில் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஏறத்தான் செய்தன. நெருப்பில் போட்டோம். மயிர் கருகுகிற நாற்றம் கொட்டாயில் தங்கிப்போனது, சோற்றில்கூட அந்த நாற்றம். காக்கா வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, அதற்கு மயிர் ஆகவில்லை. தலையில் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று மட்டும் வந்து, புழுவைக் கொத்தி, கல்லில் அடித்து அடித்து விழுங்கியது. அக்கா அதைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு பறவைக்கு எத்தனை வயிறு?

பகலில் வெயில் ஏறினால் புழுக்கள் மண்கட்டிக்கு அடியில் ஒதுங்கிவிடும். காலையிலும் சாயந்திரமும்தான் மேய்ச்சல். அந்த நேரத்தில் கொல்லை நடுவில் நின்றால் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மாமா முதல் தடவை வானத்தைப் பார்த்தார். வானத்தில் மேகமே இல்லை. தின்கிற சத்தம் அது.

இலை தீர்ந்தது. காம்பு தீர்ந்தது. பச்சை என்று ஒன்றுமில்லாமல் நட்டு வைத்த குச்சிகள் மட்டும் நின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் கொல்லை மட்டும் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. அதில் புழு இல்லாமல் இல்லை. எந்தக் கொல்லையிலும் இருக்கிற அளவுக்கு அங்கங்கே இருந்தது.

ஒரு நாள் காலை புழுக்கள் கிளம்பின. யாரும் சொல்லாமலே எல்லாமே ஒரே திசையில் திரும்பின. ஒன்றின் வாலை ஒன்று இடித்துக்கொண்டு, தரையே நகர்வது போல வரப்பை நோக்கிப் போயின. கல் வந்தாலும் சுற்றிப் போகவில்லை, ஏறி இறங்கின. ஊர்வலங்களுக்கு விளக்குப் பிடித்தவன் நான். இப்படி ஒழுங்காகப் போன ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மாமாவின் அண்ணன் ஆள் வைத்து வரப்பு ஓரமாக ஒரு பள்ளம் வெட்டினார். பக்கம் செங்குத்தாக இருந்தால் புழுவால் ஏற முடியாது. வந்த புழுவெல்லாம் உள்ளே விழுந்து புரண்டது. பின்னால் வந்தது அதன்மேல் விழுந்தது. பள்ளம் நிரம்பியது. அதற்குப் பின்னால் வந்தவை விழுந்தவற்றின் முதுகின்மேலேயே நடந்து அந்தப் பக்கம் ஏறிவிட்டன.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் மாமாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"உன்துதான் போச்சி. என்துக்கும் அனுப்பிட்ட. பவுடர் எடுத்தாந்து வெச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் தூவு."

சர்க்கார் டிப்போவில் கொடுத்த பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடர் அது. சாம்பல் மாதிரி இருக்கும், மூக்கில் ஏறினால் தலை கிறுகிறுக்கும். மாமா பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, கையால் தட்டித் தட்டி இரண்டு கொல்லையிலும் தூவினார். தலைமயிர், புருவம், மீசை எல்லாம் வெளுத்துவிட்டது. "மூக்கக் கட்டிக்கோ மாமா" என்றேன். "எனக்கு இன்னா ஆவப்போவுது" என்றார். எங்கள் பக்கத்தில் காப்பாற்ற எதுவும் இல்லை. குச்சிகளுக்குத்தான் பவுடர் அடித்தார். அண்ணன் சொன்னதை அப்படியே செய்து பழகிய கை. அண்ணன் கொல்லையில் பாதிக்கு மேல் பிழைத்தது.

இதற்கு நடுவில் மாட்டுக்குத் தீனி இல்லை. அக்காவும் மாமாவும் கையில் இருந்த சோளத்தட்டையை எல்லாம் போட்டுத் தீர்த்திருந்தார்கள். மல்லாட்டை வந்தால் கொடி இருக்கும், மாட்டுக்கு வருஷம் ஓடும் என்பது அவர்கள் கணக்கு. பவுடர் அடித்த பிறகு ஒரு தூறல் விழுந்தது. மழையில் மருந்து கழுவிப் போயிருக்கும் என்று மாமா நினைத்தார். அந்த மொட்டைக் குச்சிகளில் கொஞ்சம் பிடுங்கி, கிணற்றுத் தண்ணீரில் அலசி அலசி, மாட்டுக்குப் போட்டார். மயிலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெள்ளை தின்றது.

நான் அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கிக் கொல்லைக்கு நடந்து போனேன். வெள்ளை மாடு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. தோல் முழுக்க அதிர்ந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டியது. தூரத்திலிருந்து பார்க்க வேடிக்கையாக இருந்தது. என் நாக்கு எனக்கு முன்னால் நடக்கும்.

"இன்னா மாமா, மாடு கூத்து கட்டுது?"

மாமா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுத முயற்சி செய்யப்போவதில்லை. மாடு முன்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் நுரை. கால்கள் நாலும் ஓடுவது போலவே காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன. மாமா அதன் கொம்பைப் பிடித்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாக்கைச் சொடுக்கினார். நடக்கச் சொல்லும் சொடுக்கு. மறுபடி மறுபடி சொடுக்கினார். விஷம் முறியட்டும் என்று அக்கா புளியைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பல் கிட்டிப்போயிருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. வெயில் உச்சிக்கு வரும் முன்னால் முடிந்துவிட்டது.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் ஓட்ட முடியாது. மயிலைக்கு ஜோடி வேண்டுமென்றால் அண்ணன் தொழுவத்தில்தான் இருந்தது. மாமா போய்க் கேட்கவில்லை. கேட்காமலே அக்கா சட்டி பானையை அடுக்க ஆரம்பித்தாள். மூன்று கல்லையும் காலால் தள்ளி விட்டாள், யாராவது தடுக்கி விழப்போகிறார்கள் என்று. நான் ஒரு பானையைத் தூக்கப் போனேன். "வுடு" என்றாள்.

அந்த வீட்டு வாசலில் மாமாவின் அண்ணன் நின்றிருந்தார். ஏசவில்லை, சிரிக்கவும் இல்லை. "உள்ள போம்மா" என்றார் அக்காவிடம். பிறகு அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, படி அரிசி அளந்து முறத்தில் போட்டார். அக்கா முறத்தை வாங்கிக்கொண்டு புகைக்குள் போனாள். நான் பஸ் பிடித்துச் செஞ்சிக்கு வந்தேன்.

மாமாவுக்கு அதற்குப் பிறகு கை நடுக்கம் வந்துவிட்டது. பவுடரால் என்று சிலர் சொன்னார்கள், மனசு ஒடிந்ததால் என்று சிலர் சொன்னார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார்.

வெகு நாள் நான் தொண்டூர்ப் பக்கம் போகவில்லை. விளக்கு கேட்டு அந்த ஊரிலிருந்து யாராவது வந்தால் வேறு கடைக்கு அனுப்பினேன். பெஞ்சில் அந்தக் கதையைச் சொல்வதையும் நிறுத்தியிருந்தேன், முடிவு மாறிப்போனதால்.

கோடையில் கிராம சேவக் மறுபடி கடைக்கு வந்தார். நான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அந்த வருஷம் மழை அப்படி, ஜில்லா முழுக்கவே கம்பளிப்பூச்சி ஜாஸ்தி என்றார் அவர். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. விளக்கு வைத்ததைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார், அந்தப் பயம்தான். எனக்கு வேண்டிய பாதி கிடைத்தது, எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன். அக்காவுக்குக் கொஞ்சம் மிக்சரும் வாங்கிக்கொண்டேன்.

அக்கா கொல்லையில் இருந்தாள். இப்போது அது அண்ணன் கொல்லை. நடுவில் இருந்த வரப்பைக் கொத்திக் கலைக்கச் சொல்லியிருந்தார். தின்று முடித்த புழுக்களெல்லாம் வரப்பிலும் மர நிழலிலும்தான் மண்ணுக்குள் இறங்கிப் படுத்திருக்கும். அக்கா கடப்பாரையால் குத்திப் புரட்டி, கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி ஒரு சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பேரீச்சங்கொட்டை மாதிரி, கறுப்பும் சிவப்பும் கலந்து வழவழவென்று இருந்தது. காலில்லை, கண்ணில்லை, வாயில்லை. விரலால் அழுத்தினால் வால் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் அசைந்தது. வருஷம் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் மண்ணுக்குள் கிடந்து, மழை நனைத்தால் மட்டும் எழுந்து வருமாம். குத்தினால் ஒவ்வொரு கட்டியிலும் இருந்தன. சட்டி நிரம்பிக்கொண்டே இருந்தது. வரப்பு நீளத்துக்கு இன்னும் மண் பாக்கி இருந்தது.

"அக்கா" என்றேன்.

"இன்னா."

"கிராம சேவக்கக் கேட்டேன். அந்த வருசம் மழ அப்டியாம். ஜில்லா பூராவுமே பூச்சிதானாம். நாம வெளக்கு வெச்சாலும் வெக்கலன்னாலும் வந்துதான் இருக்குமாம்."

கடைசி வாக்கியம் அவர் சொன்னதில்லை, நான் சேர்த்தது. அக்கா கடப்பாரையைக் குத்தி, மண்ணைப் புரட்டி, அதிலிருந்தவற்றை எல்லாம் பொறுக்கி முடித்தாள். பிறகு நிமிராமலேயே சொன்னாள்.

"வந்துதான் இருக்கும்டா. ஒவ்வொருத்தர் கொல்லைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கும். மொத்தத்தையும் எங்க கொல்லைக்கு இட்டாந்தது நீதான்."